தண்ணி குடிக்குதா?

1996 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் அமுலு என்ற நான்கு வயதுக் குழந்தையை நாய் கடித்தது. அந்த நாயைக் கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்தவள் குழந்தையின் பெரியம்மா கோவிந்தம்மாள்.

மறுநாள் காலை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அமுலுவின் அம்மா சிட்டம்மாள், வாலாஜாபாத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தவள், சேதி கேட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். குழந்தையின் கெண்டைக்கால் கட்டைப் பார்த்தாள். பாவாடையை விலக்கி, தொப்புள் பக்கத்தில் ஊசி போட்டு வீங்கியிருந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"உன்ன நம்பித்தானக்கா வுட்டுட்டுப் போனேன்... ஒரு நாளு பாத்துக்க முடியலியா உன்னால?"

கோவிந்தம்மாள் குழந்தையின் பாவாடையை இழுத்துவிட்டாள். இரண்டு வாரத்துக்கு முன் உத்திரமேரூர் சந்தையில் கத்தரிக்காய் விற்றுவிட்டு வரும்போது, லாரியில் அடிபட்டுப் பின்னங்கால் ஒடிந்து கிடந்தது அந்த நாய். கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றான். சாக்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டி மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்தாள். நேற்று அவள் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது அமுலு போய் அந்தக் கட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள். கடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் அவள்தான்.

வாசலில் பக்கத்து வீட்டு இருசப்பன் உலக்கையோடு நின்றான். குழந்தையின் அப்பா தாண்டவராயன் கையில் கடப்பாரை.

"நவுருங்க அண்ணி. ஒரே அடி... முடிச்சிர்றேன்."

"வேணாம் தம்பி! டாக்டரம்மா நாய அடிக்கக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க. கட்டிப்போட்டுப் பாக்கச் சொன்னாங்க. பத்து நாளு அது நல்லா இருந்துச்சின்னா..."

"இன்னாடி, டாக்டரு நாய்க்கு வக்காலத்து வாங்குனாங்களா?" அவள் புருஷன் சடையப்பன் திண்டாடிப்போயிருந்தான். நேற்றிலிருந்து தம்பியின் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஊரே சிரிக்குது. கத வுட்டுக்கினு கீறே!"

"சத்தியமா சொன்னாங்கய்யா..."

சிட்டம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அவளுக்கு இன்னா தெரியும் மாமா? வவுத்துல சொமந்திருந்தா தெரிஞ்சிருக்கும், நாயி பெருசா, புள்ள பெருசான்னு!"

இருசப்பன்கூட உலக்கையைக் கீழே வைத்துவிட்டான். கோவிந்தம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், அவளுக்குப் பிள்ளை இல்லாததை அந்த வீட்டுக்குள் யாரும் சொல்லிக்காட்டியதில்லை. அமுலு பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் கோவிந்தம்மாள்தான்.

சடையப்பன் தொண்டையைச் செருமினான்.

"நாயா வூடா, நீயே சொல்லிடு."

கோவிந்தம்மாள் உள்ளே போனாள். ஒரு பாய், ஒரு குண்டான், கொஞ்சம் அரிசி எடுத்துக்கொண்டாள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கழனி மோட்டார் கொட்டாய்ல இருக்கறேன். பத்து நாளு ஆவட்டும். அதுக்கப்பால நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க."

அழவில்லை. மூன்று காலில் நொண்டிக்கொண்டு நாய் பின்னால் போனது.

மோட்டார் கொட்டகைக்கு வெளியே புங்கமரத்தில் நாயைக் கட்டினாள். அது வெறிநாயா இல்லையா என்பது அவளுக்கும் தெரியாது. தண்ணீர்த் தட்டைக் கம்பால் தள்ளித்தான் வைத்தாள். விடிந்ததும் அதன் வாயைப் பார்ப்பாள், எச்சில் ஒழுகுகிறதா என்று. பயமாக இருந்தது. ஆனால் அது செத்துப்போனால் செத்த காரணம் தெரிய வேண்டும். பிழைத்தால் பிழைத்தது தெரிய வேண்டும். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டாலோ, யாராவது அடித்துப் போட்டாலோ அமுலுவுக்கு ஊசி நிற்காது. இதை யாரிடம் சொல்வது?

கரண்டு வரும் நேரத்துக்கு மோட்டார் போட சடையப்பன் வந்தான். அவளிடம் பேசவில்லை. நாயிடமும் பேசவில்லை. இரண்டாம் நாள், "ராத்திரி கரண்டு எப்ப வந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். சொன்னாள். போய்விட்டான்.

ஊசிக்குச் சிட்டம்மாள் தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் போய்வந்தாள். நாலாவது ஊசியன்று அமுலுவுக்குக் காய்ச்சல். வயிறு தொட்டால் அலறினாள். நர்ஸ் டாக்டரம்மாவிடம் அனுப்பினாள். டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்:

"நாய் எப்படிம்மா இருக்குது? தண்ணி குடிக்குதா?"

சிட்டம்மாளுக்குப் புரியவில்லை.

"நாயிங்களா?"

"அன்னிக்குக் கூட்டிட்டு வந்தவங்ககிட்ட சொல்லி அனுப்பினேனே. நாய் பத்து நாள் நல்லா இருந்தா பாக்கி ஊசி வேண்டாம், நிறுத்திடலாம்னு. அடிச்சிட்டீங்களா?"

சிட்டம்மாள் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. குழந்தை தோளில் தூங்க, வரப்பில் ஏறி நேராகக் கழனிக்கு நடந்தாள். மோட்டார் கொட்டகைக்கு முன் கோவிந்தம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா..."

"கொயந்தைக்கு இன்னாடி? இன்னா ஆச்சு?"

"ஜொரம். நாயி... தண்ணி குடிக்குதாக்கா?"

கோவிந்தம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தாள். தட்டில் தண்ணீர் ஊற்றி நாய் முன்னால் தள்ளினாள். நாய் தட்டைப் பார்த்தது. சிட்டம்மாளைப் பார்த்தது. காதைச் சொறிந்தது. பிறகு மெதுவாகத் தலையைக் கவிழ்த்து, சளப் சளப் என்று குடிக்க ஆரம்பித்தது.

சிட்டம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"நான் இன்னா வார்த்த சொல்லிட்டேன்... என் வாயி அழுவிப்பூடும்க்கா!"

"சீ, இன்னா பேச்சு இது."

சிட்டம்மாள் எழுந்து அவளிடம் வரப் பார்த்தாள்.

"கிட்ட வராத!" கோவிந்தம்மாள் கையை நீட்டித் தடுத்தாள். "புள்ளய வச்சிக்கினு கீறே. இன்னும் நாளு கீது. அங்கயே நில்லு."

அவள் அங்கேயே நின்று அழுதாள். இவள் இங்கே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து நாஷ்டா வரப்புக்கு வந்தது, இரண்டு தூக்கில். ஒன்று நாய்க்கு. அடுத்த கழனியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த இருசப்பன் தினமும் கத்துவான்:

"இன்னா அண்ணி, மாப்ள தண்ணி குடிச்சாரா?"

"குடிச்சாரு, குடிச்சாரு. நீ உலக்கைய வூட்ல வச்சிட்டியா?"

ஒரு நாள் காலை நாய் சோற்றைத் தொடவில்லை. சேதி வீட்டுக்குப் போனது. தாண்டவராயன் வந்து தூரத்தில் குந்திக்கொண்டு அதையே பார்த்தான். "துன்னுடா... துன்னுடா ராசா" என்று கெஞ்சினான். மத்தியானத்துக்கு மேல் தின்றது. முந்தின ராத்திரி ஒரு எலியைப் பிடித்துத் தின்றிருக்க வேண்டும். மரத்துக்குப் பின்னால் வால் கிடந்தது.

பத்தாம் நாள் சடையப்பன் வந்தான். மோட்டாரைப் போடவில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"வா, வூட்டுக்குப் போவலாம்."

"நாயும் வரும்."

"வரட்டுமே. அத்த வுட்டுட்டு வான்னு எவன் சொன்னான்?"

"நீதான்யா சொன்னே."

அவன் குனிந்து நாயைத் தூக்கினான். அது அவன் முழங்கையை நக்கியது. ஊர் பார்க்கப் பாயும் நாயுமாக முன்னால் நடந்தான்.

வாசலில் சிட்டம்மாள் நின்றிருந்தாள். இந்த முறை கோவிந்தம்மாள் தடுக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட அமுலு, "வுடு பெரிம்மா, மூச்சு முட்டுது" என்றாள்.

ஜூலை 19 அன்று அமுலுவுக்கு ஊசி நிறுத்தப்பட்டது. அடுத்த வாரம் உத்திரமேரூர் கால்நடை மருத்துவமனையில் நாய்க்குத் தடுப்பூசி போட்டார்கள். அதன் பிறகு அது அந்த வீட்டு நாய்.