படத்தில் இல்லாத புள்ளி

கிட்டாரை அவன் இன்னும் செருகவே இல்லை. அதற்குள் பெட்டி மூச்சு விட்டது.

முதலில் அவன் அதை மூச்சு என்று நினைக்கவில்லை. நினைக்கிற வேலைக்கு அந்த நேரத்தில் அவன் மண்டைக்குள் ஆளும் இல்லை. இருபத்திரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் நான்கு லிஃப்டுகளோடு விடிய விடிய மல்லுக்கட்டிவிட்டு, காலை ஏழரைக்குத்தான் வீடு வந்து சேர்ந்திருந்தான். இப்போது மதியம் இரண்டு மணி. கண்ணிமைக்கு உள்ளே யாரோ மணலைத் தூவிவிட்டது போலிருந்தது. ஆம்ப் என்ற அந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வந்த சத்தத்தை, சரி, இரைச்சல் என்று எடுத்துக்கொண்டான். கையால் செய்தது என்றால் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். அவனிடமும் இருக்கிறது, காலையில் மாடிப்படி ஏறும்போது.

மேசைமேல் இருந்தது ஒரு பிஸ்கட் டின். பிஸ்கட்டுகளை ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டு, டின்னில் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு சர்க்யூட்டை அடைத்திருந்தான். கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே இதை வைத்துக் காலால் ஒரு மிதி மிதித்தால், சாதுவான கிட்டார் தொண்டை கட்டிய ஆள் மாதிரி கரகரவென்று உறும வேண்டும். ஓவர்டிரைவ் பெடல் என்று பெயர். மனைவி வைத்திருந்த பெயர் 'உங்க டப்பா'.

உண்மையில் அவனுக்கு உறுமல் தேவைப்படவில்லை. விழித்திருப்பதுதான் தேவைப்பட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால், இதே நேரத்தில், குழந்தையைத் தூங்கவைக்கப் பக்கத்தில் படுத்தவன் அவளுக்கு முன்னால் தூங்கிப்போனான். பத்து மாதக் குழந்தை. எழுந்து, தவழ்ந்து, சரியாகச் சாத்தாத வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், மூன்றாம் மாடிப் படிக்கட்டின் முதல் படியில் கையை வைத்திருக்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா தற்செயலாக மேலே வந்ததால் தூக்கிக்கொண்டு வந்து அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். அப்போதும் அவன் விழிக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அன்று மாலையே வாசல் கதவின் மேல்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாளை அவளே பொருத்தினாள். கடைசி ஸ்க்ரூவைத் திருகிவிட்டுச் சொன்னாள், "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேலைய விட்டுடறேன். அவ்வளவுதான்." பல் மருத்துவர் ஒருவரிடம் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை அது. நான்கு வருடம் அலைந்து வாங்கியது.

அதற்கு அடுத்த நாள்தான் அவன் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தான். கிட்டாரைத் தொட்டால் குழந்தை எழுந்துவிடும். சத்தமே போடாமல் செய்யக்கூடிய இசை உலகத்தில் இது ஒன்றுதான். இன்னொரு வசதி, கண் சொக்கினால் விரல் பொசுங்கும். அலாரம் மாதிரி. இதுவரை மூன்று அலாரம் அடித்திருந்தது; இடது கைக் கட்டைவிரலில் ஒன்று, ஆட்காட்டியில் இரண்டு.

பெட்டி மறுபடி மூச்சு விட்டது.

பகலில் தூங்குகிறவன் வீடு என்பதால் ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, கூடம் மட்டும் இருட்டை வாடகைக்கு எடுத்தது போல உட்கார்ந்திருந்தது. மேசை விளக்கின் மஞ்சள் வட்டத்துக்குள் டின், சுருள் ஈயம், வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால்கள், காபிக் கறை படிந்த சர்க்யூட் படம். ஈயத்தோடு எரிந்த ரோசின் பிசினின் வாசனை தொண்டையில் ஒட்டியிருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அந்தச் சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே ஆம்ப் மெல்ல இழுத்தது, நிறுத்தியது, விட்டது. இழுத்தது, நிறுத்தியது, விட்டது.

இரைச்சலுக்கு இடைவேளை கிடையாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையறை வாசல்வரை போனான். கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தான். காதை நீட்டினான். மரத்தொட்டிலுக்குள் குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அறைக்குள் அவள் இழுத்தபோது முதுகுக்குப் பின்னால் ஆம்பும் இழுத்தது. அவள் விட்டபோது அதுவும் விட்டது.

சிரிப்பு வந்தது. பயந்ததற்காக அவனுக்கு அவனே ஒரு கொட்டு வைத்துக்கொண்டான். இத்தனை நீள ஒயர் தொங்கினால் எதையாவது பிடிக்கத்தான் செய்யும். லிஃப்டில் இருக்கும் அவசரப் பேச்சுக் கருவிகூடச் சில சமயம் பக்கத்து லிஃப்டில் நடக்கும் சண்டையைக் கொண்டுவந்து கொட்டும். கடையில் விற்கிற குழந்தைக் கண்காணிப்புக் கருவியை அவன் பிஸ்கட் டின்னிலேயே செய்துவிட்டான். வீட்டுக்கு உபயோகமாக அவன் செய்த முதல் காரியம், தவறுதலாக.

பெருமை தாங்காமல் மனைவிக்கு ஃபோன் போட்டான்.

"என்னங்க, எழுந்துட்டாளா?"

"தூங்குறா. அவ தூங்குறத நான் கேட்டுட்டு இருக்கேன். டப்பாவுல."

"அவ தூங்குறத கேக்க டப்பா எதுக்கு? ரூமுக்குப் போனா போதாதா?"

"போனா நானும் தூங்கிடுவேன்."

எதிர்முனையில் பல் குடையும் இயந்திரம் இரைந்தது. "அஞ்சு மணி வரைக்கும் தாக்குப்பிடிங்க. வந்ததும் நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. அவளும் களைத்திருந்தாள்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். சர்க்யூட் படத்தை அனுப்பியவன் மச்சினன், மனைவியின் தம்பி. இசைக்கருவிக் கடையில் வேலை. வாரக் கடைசியில் ஏதோ ஒரு குழுவில் வாசிப்பவன். டின்னின் உட்பக்கத்தைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பிவைத்தான். இரண்டு நிமிடத்தில் அவனே கூப்பிட்டான்.

"மாமா, கை நல்லாத்தான் ஓடியிருக்கு. ஆனா உள்ள வர்ற ஒயர எதுக்கு எர்த்தோட சேத்து வெச்சுப் பத்த வெச்சிருக்கீங்க?"

"படத்துல புள்ளி இருக்குடா."

கோடும் கோடும் சும்மா குறுக்கே போனால் தொடர்பில்லை, குறுக்கே போகிற இடத்தில் புள்ளி இருந்தால் இரண்டையும் இணைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவனே மச்சினன்தான்.

"நான் அனுப்புன படத்துல அங்க புள்ளியே இல்ல மாமா. உங்க ஆபீஸ் பிரிண்டர் துப்புன மையா இருக்கும்."

அவன் படத்தை விளக்குக்குக் கீழே இழுத்தான். புள்ளி இருந்தது. உருண்டையாக, அழகாக, அச்சடித்தது போலவே. நகத்தால் சுரண்டினான். வரவில்லை.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். அதனால என்ன ஆகும்?"

"ஒண்ணுமே ஆகாது, அதான் ஆகும். உள்ள வர்றதெல்லாம் நேரா எர்த்துக்குப் போயிடும். கிட்டார நீங்க தரையில அடிச்சு ஒடச்சாலும் டப்பா வாயத் தொறக்காது."

"தொறந்திருக்கே."

"இரைச்சலா இருக்கும் மாமா."

"கேளு." ஃபோனை ஆம்பின் முகத்தில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்துக் காதுக்கு எடுத்தான். கடையில் யாரோ டிரம்மைத் தட்டிப் பார்ப்பது தூரத்தில் கேட்டது.

"யாரோ தூங்குறாங்க," என்றான் மச்சினன்.

"பாப்பாதான். ரூம்ல படுத்திருக்கா."

"கூட யாரு?"

"கூட யாரும் இல்லையே."

"ரெண்டு மூச்சு கேக்குது மாமா." பிறகு அவனே சமாளித்துக்கொண்டு சிரித்தான். "ஒண்ணு நீங்களா இருக்கும். நின்னுட்டே தூங்குற ஆளு நீங்க. கஸ்டமர் வந்துட்டாரு, அப்புறம் கூப்பிடறேன். மொதல்ல அந்த ஈயத்த எடுங்க."

ஃபோன் அணைந்தது.

அவன் தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். மேலே சின்ன மூச்சு, குருவி மாதிரி, சரசரவென்று. மூக்கு லேசாக அடைத்திருந்ததால் அதன் நுனியில் ஒரு குட்டி விசில். தெரிந்த மூச்சு. அதற்குக் கீழே, அது நான்கு முறை வந்து போவதற்குள் ஒரே ஒரு முறை, இன்னொன்று. நீளமானது. அவசரமில்லாதது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு வேலை இல்லாத ஒருவர் விடுகிற மூச்சு.

இத்தனை நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. களைப்பில் அதைத் தன்னுடையது என்று நினைத்திருந்தான்.

எழுந்து போய்ப் பார்த்தான். பாதிக் கதவு வழியே தொட்டிலின் கம்பிகள் தெரிந்தன, போர்வையின் மேடு தெரிந்தது. வேறு யாரும் இல்லை. தொட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அலமாரிக்குப் பின்னால் பார்த்தான். வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் பார்த்தான். மனைவி போட்ட தாழ்ப்பாள், கச்சிதமாக விழுந்திருந்தது. அறைக்குள் நின்றால் ஒரு மூச்சுதான் கேட்டது. கூடத்துக்கு வந்தால் இரண்டு.

டின்னில் இருந்த, ஒலியைக் கூட்டும் திருகைத் தொட்டான். தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எங்கே சத்தம் வருகிறதோ அங்கே தலையை நுழைப்பவர்கள். திருகை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினான். மூச்சுகளின் ஓரம் கரகரத்தது. இன்னும் கொஞ்சம். தொட்டிலின் மரம் முனகியது, கனமான ஏதோ ஒன்று அதில் சாய்ந்து இடம் மாறிக்கொண்டது போல. துணி உரசியது. போர்வையை மெதுவாக, எழுப்பிவிடக் கூடாது என்ற அக்கறையோடு, யாரோ விலக்கினார்கள்.

நீள மூச்சு கிட்டே வந்தது.

குட்டி விசில் ஒருமுறை கேட்டது. இன்னொரு முறை. அப்புறம் இரண்டு மூச்சும் ஒன்றாக இழுத்தன. ஒன்றாக நின்றன. ஒன்றாக விட்டன.

அப்புறம் நீளமானது மட்டும்.

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. எப்படி அறைக்குப் போனான் என்று தெரியாது. இருட்டு. பவுடர் வாசனை, பால் வாசனை. அதற்கு நடுவே ரோசின் வாசனை, இந்த அறைக்கு வரவே கூடாதது. கம்பிக்கு மேலே இரண்டு கையையும் விட்டான். சூடு. தூக்கத்தின் பாரம். தலை தோளில் விழுந்தது, முகம் கழுத்துக் குழியில் புதைந்தது. அள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தான்.

ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி மறு கையால் டின்னிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினான். பச்சை விளக்கு செத்தது. ஆம்பின் பிளக்கை உருவினான். ஒயரையெல்லாம் உருவித் தரையில் போட்டான்.

நிசப்தம். குழாய் சொட்டியது. அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்லடா," என்றான். குழந்தைக்குச் சொன்னானா, தனக்குச் சொன்னானா, தெரியாது. கூடத்தின் நீளத்துக்கு நடந்தான், திரும்பினான், நடந்தான். தூங்காத மனிதனுக்குக் காது என்னவெல்லாம் காட்டும். நாளைக்கு லீவு சொல்லிவிட வேண்டும். மேற்பார்வையாளர் திட்டுவார், திட்டட்டும். மணி மூன்றுகூட ஆகவில்லை. ஐந்து மணிவரை இப்படியே நடக்கலாம். கையில் வைத்திருந்தால் எங்கேயும் போகமாட்டாள். தாழ்ப்பாள் இருக்கிறது. அவன் விழித்திருக்கிறான். அது போதும்.

தூங்குகிற குழந்தை கனக்கும், தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தோள் இறங்கியது.

கழுத்தில் மூச்சு பட்டது. இதமான மூச்சு. அது உள்ளே போவதை உணர்ந்தான். வெளியே வருவதற்குள் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வந்துவிட்டான்.

விசில் இல்லை.

நின்றான்.

அப்போது படுக்கையறையில் குழந்தை அழ ஆரம்பித்தாள்.

முதலில் சிணுங்கல். அப்புறம் வாய்விட்டு. பசித்தால் அழுகிற அழுகை, நடுவில் ஒரு விக்கல் வைத்து மறுபடி தொடங்கும். பத்து மாதமாகக் கேட்கிற அழுகை. இருபத்திரண்டு மாடிக்கு அப்பாலிருந்து கேட்டாலும் அடையாளம் தெரியும். தொட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். கம்பி கிறீச்சிட்டது. அப்பாவைத் தேடுகிறாள்.

போக வேண்டும். காலுக்குச் சொன்னான். கால் கேட்கவில்லை. தோளில் இருப்பதைத் தள்ளிவிடக் கையை எடுத்தான். எடுத்தும் அது விழவில்லை. அது அவனைப் பிடித்திருந்தது.

கழுத்துக் குழியில் உதடு நகர்ந்தது. ஷ்ஷ்ஷ்.

பிறகு அவன் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு உள்ளங்கை விழுந்தது. எழுந்தது. விழுந்தது. பழக்கப்பட்ட கை. எவ்வளவு வேகமாகத் தட்டினால் தூக்கம் கலையும், எவ்வளவு மெதுவாகத் தட்டினால் தூக்கம் இறங்கும் என்று தெரிந்த கை. இத்தனை மாதத்தில் யாரும் அவனை அப்படித் தட்டிக்கொடுத்ததில்லை.

அறைக்குள் அவள் விக்கி விக்கி அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, தொட்டிலிலிருந்து ஏதோ பொத்தென்று தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் பிஞ்சுக் கைகள் தரையில் தட்டிக்கொண்டே வந்தன, அவனைத் தாண்டி வாசல் பக்கம் போயின. வாசல் கதவில், அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்த தாழ்ப்பாள், மெல்ல, ஓசையில்லாமல் விலகியது.

ஷ்ஷ்ஷ், என்றது தோளில் இருந்தது.

அவன் கண்கள் சொக்கின.