நிலைக்கட்டையில் ஒரு நீலக்கோடு

உள்ளறை நிலைக்கட்டையில் இருந்த நீலக்கோடு நேற்றைவிட ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

ஈரத்துணியும் கையுமாக நின்ற லேப் அக்காவுக்கு முதலில் தன் கண்மேல்தான் சந்தேகம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் நுண்ணோக்கிக்குள் பார்க்கிற கண், சாயங்காலமானால் எதையாவது காட்டத்தான் செய்யும். துடைத்தாள். தையல்காரர்களின் சாக்கட்டிப் பொடி நீலமாகத் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்ததுதான் கஷ்டம்.

பையனையும் கூட்டிக்கொண்டு நாலு மாதம் வீடு தேடி அலைந்திருந்தாள். சின்ன ஊர், நல்ல வீட்டுக்கு வாடகை எட்டாது, எட்டுகிற வீட்டுக்குத் தண்ணீர் வராது. இந்த மாடி வீடு ஒன்றுதான் அவள் சம்பளத்துக்கும், வெளியூரில் லாரி ஓட்டும் கணவன் அனுப்புவதற்கும் கட்டுப்படியானது. பார்க்க வந்த அன்று ஒரு தையல்காரி முந்திக்கொண்டிருந்தாள். தன் ஆறு வயது மகளை நிலையில் முதுகு ஒட்ட நிறுத்தி, தலைக்கு மேல் சாக்கட்டியால் கோடு இழுத்தாள்.

"இனிமே இங்கதானே வளரப்போறா. வருஷா வருஷம் அளந்து பாக்கலாம்ல, அக்கா?"

லேப் அக்கா சிரித்துவிட்டுப் படியிறங்கினாள். கீழே வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தம்மா எங்க லேபுக்குச் சளி டெஸ்டுக்கு வந்தாங்க. ரிசல்ட் நல்லா இல்ல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க ஐயா."

தையல்காரி லேப் வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் இரத்தம் எடுக்கிறவளே சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? வீடு இவளுக்கு வந்தது. தையல்காரிக்குக் காசநோய் என்ற பேச்சு தெருத்தெருவாகப் போனது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவளுக்கு அப்புறம் ஒரு கதவும் திறக்கவில்லை. பாழடைந்த செங்கல் கிடங்கு ஒன்றில் மகளோடு ஒண்டினாள். மழையில் சுவர் விழுந்தது. இருவருமே மிஞ்சவில்லை. செய்தி கேட்ட அன்று லேப் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வீட்டைக் காலி செய்யவில்லை.

துடைக்கத் துடைக்கத் திரும்பி வந்து, ஒரே வாரத்தில் கோடு நாலு விரற்கடை ஏறியது. சோப்பு போட்டாள், உப்புத்தாளால் தேய்த்தாள், கடைசியில் பெயிண்டே அடித்தாள். பெயிண்டின் மேல் கோடு வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளறையிலிருந்து நனைந்த செங்கல்லின் வாசம் கிளம்பும், கூடவே அளவுநாடா தரையில் இழுபடுகிற மெல்லிய சரசரப்பு வரும், அவள் மூச்சைப் பிடித்தால் அதுவும் நிற்கும், விட்டால் மறுபடி தொடங்கும்.

வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"என்னம்மா, வீடு சௌகரியமா இருக்கா?"

சொன்னால் வீடு போகும், வேலையும் போகும். பையனை எங்கே கூட்டிப்போவது? செத்தவர்களுக்கு இனி நல்ல பேர் எதற்கு என்று உள்ளே ஒரு மனம் கேட்டது. அப்படிக் கேட்டதற்கு அவளுக்கே கூசியது.

"ஒரு குறையும் இல்லீங்க ஐயா."

அன்று மட்டும் இரண்டு விரற்கடை.

மறுநாள் பையனின் பள்ளிக்கால்சட்டை குதிகாலில் மிதிபட்டது. போன மாதம் கணுக்காலுக்கு மேல் நின்ற அதே கால்சட்டை. துவைத்ததில் தொய்ந்து நீண்டிருக்கும் என்று மடித்துவிட்டாள். அடுத்த நாளும் மடித்தாள். செருப்பு கழன்று கழன்று விழுந்தது.

"அம்மா, குழாய் எட்டமாட்டேங்குது."

ஏழு வயதுப் பையன். தினமும் எட்டிய குழாய்.

அன்று வேலை முடிந்து வந்தவள் வீட்டுக்காரரின் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். இறக்கினாள். வேறு வீடு கிடைக்கட்டும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

படியேறினாள். செங்கல் வாசம். பையன் சிரிக்கிற சத்தம்.

நிலையில் முதுகு ஒட்ட நின்றிருந்தான். தாடை நிமிர்ந்து. கைகள் விறைப்பாக.

"அசையாம நிக்கச் சொல்றாங்கம்மா."

"யாரு?"

கால்சட்டை அவன் காலடியில் குவிந்து கிடந்தது. பழைய கோடு அவள் நெஞ்சுயரத்தில். வெகு கீழே, பையனின் உச்சந்தலையை ஒட்டி, புதிதாக ஒரு கோடு.

"பொய் சொன்னேன். நான்தான். அவங்க லேபுக்கு வந்ததே இல்ல."

கீழ்வீடு வரைக்கும் கேட்கும்படி கத்தினாள். கதவுகள் திறந்தன. யாரோ படியேறி வந்தார்கள்.

சாக்கட்டி உரசும் சத்தம் நிற்கவில்லை. கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு. அதற்கும் கீழே இன்னொன்று. ஒவ்வொன்றும் பையனின் தலையை ஒட்டியே.