இரண்டாவது உடல்

காலைக் காபி ஆறுவதற்குள் முறையீடுகளை மூடிவிடுவது செண்பகவல்லியின் வழக்கம். கோவையின் காற்றை நெஞ்சு நேரடியாக வாங்கிய காலம் மலையேறிவிட்டது. இப்போது எல்லார் மார்பிலும் ஒரு மூச்சுப்பொறி. அதை ஓட்டுவது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கணினிப் பொதுநிரல். அந்த நிரலை வெளியிடும் மன்றத்தில் அவள் தலைமை அதிகாரி.

சோதனையில் தேறிய நிரல் நிலைப்பதிப்பு, இன்னும் தேறாதது முன்பதிப்பு. ஆசைப்பட்டு முன்பதிப்பை ஏற்றிக்கொண்டவர்கள், அது தேறும்வரை திரும்ப முடியாது. எல்லாரும் பாதியில் ஓடிவிட்டால் யார் உடம்பில் சோதிப்பது? ஓர் உடலில் நேர்ந்தது பிழை ஆகாது. இரண்டாவது உடலிலும் நேர்ந்தால்தான் திருத்தம் வெளியே போகும். விதியை எழுதியவள் செண்பகவல்லிதான். அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

அன்று ஒரு பெண் அழைத்தாள்.

“எங்க வீட்டுக்காரரு விடாம சிரிச்சாருங்க. மூச்சு நின்னுருச்சு. அப்புறம் வரவேயில்லைங்க.”

“வேற யாருக்காவது இப்படி ஆயிருக்குங்களா?”

“எனக்கு அவரு ஒருத்தருதானுங்க.”

‘தனி நிகழ்வு’ என்று குறித்து மூடினாள். காபி இன்னும் சூடாகவே இருந்தது.

பக்கத்து மேசைத் தங்கராசு எழுந்து வந்தார். “சிரிப்புப் பிழைதானுங்க? திருத்தம் எழுதி வெச்சுட்டேன். ரெண்டாவது ஆளுக்கு ஆனா வெளிய விட்டுரலாம். முன்பதிப்புல யார் யாரு இருக்காங்கன்னு பாத்தேன்.” கொஞ்சம் இழுத்தார். “உங்க பாப்பாவும் இருக்குதுங்க.”

“நிலாமதியா? அவ நிலைப்பதிப்புங்க. நானே ஏத்துனேன்.”

“போன வாரம் பாப்பா இருமலுக்குன்னு ஒரு நிரல் துணுக்கு மட்டும் முன்பதிப்புல எடுத்தீங்க. அந்தத் துணுக்குக்கு மட்டும்னு சொல்லாம, முன்பதிப்புக்குச் சம்மதம்னு பொதுவா குடுத்துட்டீங்க. மொத்தமும் மாறிக்கிச்சுங்க.”

புதிதாகச் சேருபவர்களை அவள் முதல் நாளே எச்சரிக்கும் தவறு அது. பிள்ளை இருமுவதைக் கேட்டபடி ஏற்றியதில் கவனம் பிசகிவிட்டது.

“அந்தத் திருத்தத்த அவளுக்கு மட்டும் போட்டுருங்க.”

“நீங்க எழுதுன பூட்டுங்க. ரெண்டாவது உடம்பு விழாம யார் கைக்கும் திறக்காது.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். செண்பகவல்லி பள்ளிக்கு ஓடினாள். ஆசிரியையிடம் கெஞ்சி, மகளை வாசலுக்கு அழைத்து வந்து மண்டியிட்டாள்.

“கண்ணு, அம்மா சொல்றதக் கேளு. என்ன ஆனாலும் சிரிக்கக் கூடாது. சிரிக்கவே கூடாது.”

ஓடி வந்த வியர்வையில் அவள் நெற்றிப்பொட்டு நழுவி மூக்கின்மேல் ஒட்டியிருந்தது. நிலாமதி அதைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். அம்மா ஏதோ புது விளையாட்டு காட்டுகிறாள் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் சிரிப்பு பீறிட்டது.

“வேண்டாங் கண்ணு, வேண்டாம்.” அவள் கெஞ்சக் கெஞ்ச, அந்த முகம் கோணக் கோண, சிரிப்பு பெருகியது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

பிறகு சத்தம் நின்றது.

சற்று நேரத்தில் செண்பகவல்லியின் கைப்பேசி அதிர்ந்தது. அவளே என்றோ எழுதிவைத்த வாசகம்: பிழை உறுதியானது. ஓடிக்கொண்டிருக்கும் மூச்சுப்பொறிகள் அனைத்துக்கும் திருத்தம் அனுப்பப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.