இருபத்தொரு நாள் ஆறிய செய்தி

முன்னாள் சபாநாயகர் காலமான செய்தி அன்று காலைதான் வெளியாகியிருந்தது. அவருடைய பதினாறாம் நாள் காரியம் போன வாரமே முடிந்து, பந்தியில் வடை போதவில்லை என்று உறவுக்குள் ஒரு சண்டையும் நடந்து, சண்டை போட்டவர்கள் சமாதானமும் ஆகிவிட்டார்கள். இருந்தாலும் ஆவலூர் இதழியல் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு வகுப்பு எழுந்து நின்று, அதிகாரப்பூர்வமாகத் துக்கம் அனுசரித்தது.

"போன வாரம் இவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசிச்சோமே" என்றான் ரஷீத், உதடு அசையாமல்.

"அது அதுக்கு முன்னாடி ஆறப்போட்டது. பேசாம நில்லு" என்றாள் மாதங்கி. அவள் கண் ஜன்னலில் இருந்தது. நான்கு நாளாக விடாத மழை.

பேராசிரியர் திருஞானம் தலையை நிமிர்த்தி, உட்காரலாம் என்று கையால் அனுமதித்தார். கை அசைப்பதில்கூட ஒரு பட்டமளிப்பு விழா நடத்தத் தெரிந்தவர். "பார்த்தீர்களா, ஒரு தலைவர் மறைந்திருக்கிறார். ஒரு கடை மூடவில்லை, ஒரு பஸ் எரியவில்லை. ஏன்? செய்தி ஆறியிருக்கிறது. சூடான செய்தி சமூகத்தின் குடலுக்குக் கேடு."

அவர் சொன்னதில் ஓரளவு நியாயம் இருந்தது. சூடான செய்தியால் ஊர்கள் எரிந்த காலம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் பிறகு வந்ததுதான் அரசியல் செய்தி ஆறவைப்புச் சட்டம். அரசியல்வாதி ஒருவரின் பெயரோ முகமோ பதவியோ இடம்பெறும் எந்தச் செய்தியும் இருபத்தொரு நாள் ஆறிய பிறகே வெளிவரலாம். மழை, கிரிக்கெட், தங்கம் விலை எல்லாம் சுடச்சுட வரும். எது எந்த வகை என்று பிரிக்க, எல்லாச் செய்தி நிலையங்களின் வாசலிலும் 'ஆறவைப்பி' என்ற கணிப்பொறி காவல் நின்றது. பச்சை விளக்கு எரிந்தால் செய்தி போகும். சிவப்பு எரிந்தால் கிடந்து ஆறும்.

சட்டத்தின் மூன்றாம் பிரிவை எழுதிக் கொடுத்தவர் திருஞானம். அதைக் கல்லில் பொறித்துத் தன் வீட்டு வாசலில் பதித்து வைத்திருந்தார். தபால்காரர் ஒருவர் அதைக் கல்லறை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியதாகக் கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு.

"இன்று மாலை உங்கள் செயல்முறைத் தேர்வு" என்றார். "ஆவலூர் ஏரி மதகு திறப்பு விழா. நீர்வளத்துறை அமைச்சர் மாண்புமிகு கோமகன் அவர்கள் திறந்து வைக்கிறார். எழுதுங்கள், ஆறவையுங்கள்."

மாதங்கி கையைத் தூக்கினாள். "சார், ஏரி இப்பவே நிரம்பிடுச்சுன்னு எங்க அம்மா சொன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் ஏன் வச்சிருக்காங்க?"

"அமைச்சர் காலையில் வேறு விழாவில் இருக்கிறார் அம்மா."

ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. அதற்கு முன் திறக்க வேண்டியதையெல்லாம் திறந்துவிடும் அவசரத்தில் இருந்தார் கோமகன். தேர்தல் சமயத்தில் அமைச்சர் விழா நடத்தக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை மீறினார் என்று யாராவது எழுதினால் அதுவும் இருபத்தொரு நாள் ஆற வேண்டும் என்பதால், விதி இருப்பதையே எல்லாரும் மறந்திருந்தார்கள்.

மாதங்கியின் வீடு கீழ்ப்பேட்டையில், ஏரியின் மதகிலிருந்து தண்ணீர் ஓடிவரும் கால்வாய்க்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முன்பக்கம் அப்பாவின் மின்வண்டிப் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். முந்நூறு வீடுகள் கொண்ட பேட்டை. பள்ளிக்கூடம் மட்டும் மேட்டில்.

கல்லூரி பஸ் ஏரிக்கரையில் போய் நின்றபோது தண்ணீர் கரையின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. விழாப் பந்தலுக்கு வெளியே செயற்பொறியாளர் அம்மா ஒருவர் நனைந்துகொண்டே மேலும் கீழும் நடந்தார். மாதங்கி அவரிடம் போனாள்.

"மேடம், இவ்ளோ நேரம் விட்டுட்டீங்களே?"

"காலையில ரெண்டு மதகைக் கொஞ்சம் தூக்கி விட்டிருந்தா போதும்மா. நிதானமா போயிருக்கும். இப்ப மொத்தத்தையும் ஒரே நேரத்துல தூக்கணும்."

"ஏன் தூக்கல?"

அவர் மதகைக் காட்டினார். "ரிப்பன் கட்டியிருக்கே."

அபாயச் சங்கு இருந்தது. ஆனால் விழா நேரத்தில் அது ஊதினால் அபசகுனம் என்று விழாக்குழு அதன் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பாட்டுப்பெட்டியைச் சொருகியிருந்தது.

பொழுது சாயும் நேரத்துக்கு அமைச்சர் வந்தார். ட்ரோன்கள் மேலே வட்டமடித்து ரோஜா இதழ் தூவின. மழையில் அவை பூவாக விழாமல் பொத்துப்பொத்தென்று விழுந்தன. கோமகன் அவற்றைத் தலையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"இந்த ஏரி காலையிலேயே நிரம்பிவிட்டது என்றார்கள். ஆனாலும் கரையை உடைத்ததா? இல்லை. காத்திருந்தது. யார் வருகிறார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது."

கைதட்டல். அவர் தங்கநிறப் பொத்தானை அமுக்கினார். எல்லா மதகுகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன. தரை அதிர்ந்தது. செயற்பொறியாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மாதங்கி அதற்குள் பஸ்ஸுக்கு ஓடியிருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, எல்லாத்தையும் திறந்துட்டாங்க. ஒரு மணி நேரத்துல அங்க வந்துடும். அப்பாவை இழுத்துக்கிட்டு ஸ்கூல் மாடிக்குப் போ. தெரு முழுக்கச் சொல்லு."

"நாங்க போறோம்டி. தெருவுல யாரு நம்புவா? எதிர்வீட்டுக்காரங்க கிட்ட இப்பதான் சொன்னேன். செய்தியில வரட்டும்கா, பார்த்துக்கலாம்கறாங்க."

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. போலிக் குரல்களும் போலி முகங்களும் எப்போதோ ஊரை ஏமாற்றித் தீர்த்துவிட்டன. பக்கத்துவீட்டுக்காரர் சொன்னாலும், பெற்ற பிள்ளையே திரையில் வந்து அழுதாலும், செய்தி முத்திரை இல்லாமல் யாரும் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. முத்திரை, மாவட்டம் முழுவதும் தெருத்திரைகளில் ஓடும் கல்லூரி அலைவரிசைக்கு இருந்தது.

மாதங்கி பஸ்ஸிலிருந்த, அலைவரிசைக்குச் செய்தி அனுப்பும் திரைத்தாளில் தட்டினாள். 'அமைச்சர் கோமகன் வருகைக்காகக் காலையிலிருந்து திறக்கப்படாமல் இருந்த ஆவலூர் ஏரி...'

ஆறவைப்பி படித்தது. சிவப்பு. 'அரசியல். இருபத்தொரு நாள்.'

"அறிவு இருக்கா இதுக்கு?" என்றாள். "இருபத்தொரு நாள் கழிச்சு வெள்ளம் வருதுன்னு சொல்லுமாம்."

ரஷீத் அவள் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்தான். "அமைச்சரை எடுத்துடு."

"என்னது?"

"பேரு, பதவி, எல்லாத்தையும் எடு. அப்புறம் என்ன மிச்சம்? மழை, ஏரி, தண்ணி. வானிலைச் செய்தி."

அவளுக்கு அது முன்பே தோன்றியிருந்தது. கையை நிறுத்தியது வேறொன்று. "எடுத்துட்டா இந்த ஆளு தப்பிச்சிடுவான்டா. ஞாயித்துக்கிழமை இதே ஜனங்க இவனுக்கே போய் ஓட்டுப் போட்டுட்டு வருவாங்க. அதுக்கப்புறம் செய்தி ஆறி வந்தா என்ன, ஊசிப்போய் வந்தா என்ன?"

"மாதங்கி, இவன் மாட்டறது முக்கியமா, முந்நூறு வீடு முக்கியமா?"

மாதங்கி திரைத்தாளுக்குத் திரும்பினாள். பெயரை அழித்தாள். பதவியை அழித்தாள். அழிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்:

'ஆவலூர் ஏரியின் எல்லா மதகுகளும் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டுள்ளன. கீழ்ப்பேட்டை மக்கள் உடனே பள்ளிக்கூட மாடிக்குச் செல்லவும். ஏரி காலையிலேயே நிரம்பிவிட்டது. மாலை வரை ஒருவருக்காகத் திறக்காமல் காத்திருந்தார்கள்.'

"நில்லுங்கள்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திருஞானம் குடையை மடக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். படித்தார். "யார் திறந்தார் என்று இல்லாத செய்தி முழுமையற்றது. முழுமையற்ற செய்தி அறமற்றது. என் புத்தகத்தில் இரண்டாம் அத்தியாயம்."

"சார், முழுசா எழுதினா மூணு வாரம் கழிச்சு வரும். எங்க அம்மா அதுக்குள்ள முழுசா முழுகிடுவாங்க. எது அறம், நீங்களே சொல்லுங்க."

திருஞானம் வாயைத் திறந்தார். இரண்டாம் அத்தியாயத்தில் இதற்கு ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் அதுவே பெரிய உதவி. மாதங்கி அனுப்பினாள்.

பச்சை.

கீழ்ப்பேட்டைத் தெருத்திரைகளில் முத்திரையோடு அது ஓடியது. கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டாள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம், குழந்தைகள் அழும் சத்தம்.

"எல்லாம் கிளம்பிட்டாங்கடி. எதிர்வீட்டுக்காரங்க எங்களுக்கு முன்னாடியே ஓடறாங்க. உங்கப்பாதான் ஸ்பானரை எடுக்கணும்னு நிக்கறாரு."

"ஸ்பானரோட சேர்த்து அவரையும் தூக்கிக்கிட்டுப் போம்மா" என்றாள் மாதங்கி. சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

பஸ் கதவை யாரோ தட்டினார்கள். அமைச்சரின் உதவியாளர் பரமு. வெள்ளைச் சட்டை மழையில் உடம்போடு ஒட்டி, உள்ளே பனியனில் அச்சடித்த கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு இந்தச் செய்தி போட்டது?"

"நான்தான் சார்."

"அண்ணன் பேரு எங்க?"

மாதங்கிக்குச் சட்டென்று புரியவில்லை. மிரட்ட வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"வண்டியில உட்கார்ந்து திரையைப் பார்க்கறாரு. ஏரி இருக்கு, மதகு இருக்கு, எவனோ 'ஒருவர்'னு இருக்கு. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் விழா அன்னைக்கே சுடச்சுட ஓடுது தெரியுமா? அதுல அண்ணன் இல்ல. சின்னப் புள்ளையாட்டம் கண்ணு கலங்கிட்டாரும்மா. உடனே பேரைச் சேரு."

"சேர்த்தா ஆறவைப்பி புடிச்சிடும் சார். இருபத்தொரு நாள்."

"எலெக்‌ஷனே முடிஞ்சிடுமே!"

"சட்டம் அப்படி."

பரமு கையைப் பிசைந்தார். "வேற வழியே கிடையாதா?"

வழி இருந்தது. மாதங்கிக்கும் தெரியும், ரஷீத்துக்கும் தெரியும். முதலாண்டுத் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். சொல்லலாமா கூடாதா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள், மூன்றாம் பிரிவை யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற பரவசத்தில் திருஞானம் தொண்டையைச் செருமினார்.

"மூன்றாம் பிரிவு" என்றார். குரலில் மணி அடித்தது. "அரசியல்வாதி தம்மைப் பற்றித் தாமே தம் சொந்தச் செலவில் வெளியிடும் விளம்பரத்துக்கு ஆறவைப்பு பொருந்தாது. அடியேன் எழுதியது. ஜனநாயகத்தில் தலைவர்களின் நேரடிக் குரல்..."

மீதியைக் கேட்க பரமு அங்கே இல்லை.

பஸ் கிளம்பிக் கல்லூரி வாசலுக்கு வந்தபோது முக்கிலிருந்த தெருத்திரை மாறியது. மேல்பாதியில் மாதங்கியின் செய்தி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே, தங்கநிறச் சட்டகத்துக்குள், ரோஜா இதழ் ஒட்டிய தலையோடு கோமகன் கும்பிட்டார்.

'அந்த ஒருவர் நானே! காலையிலேயே நிரம்பியும் மாலை வரை எனக்காகக் காத்திருந்த ஏரியைத் திறந்தது என் விரல். எல்லா மதகுகளையும் முதன்முதலாக ஒரே நேரத்தில் திறந்த அமைச்சர்! உங்கள் வாக்கு கோமகனுக்கே!'

மாவட்டத்தின் எல்லாத் திரைகளிலும் அது ஓடியது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. செலவைப் பற்றி அண்ணன் கவலைப்படவில்லை.

ரஷீத் நடைபாதையிலேயே குந்தி உட்கார்ந்து சிரித்தான். திருஞானம் திரையை இரண்டு முறை படித்தார். முகத்திலிருந்த மூன்றாம் பிரிவு மெல்ல இறங்கியது.

"மாதங்கி, நீ அந்த 'ஒருவர்' என்பதை வேண்டுமென்றேதான் போட்டாயா?"

"ஆமா சார். இடத்தைக் காலியா விடணும்னு தோணிச்சு. அவரே வந்து உட்காருவார்னு நினைக்கல."

"இது இதழியல் அறமா என்று எனக்குத் தெரியவில்லை."

"அவர் சொன்னதுல ஏதாவது பொய் இருக்கா சார்?"

அவர் மறுபடியும் படித்தார். "இல்லை" என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "ஒன்றுகூட இல்லை."

அம்மா திரும்பக் கூப்பிட்டபோது இருட்டியிருந்தது. பள்ளிக்கூட மாடியிலிருந்து பேசினாள். எல்லாரும் ஏறிவிட்டார்கள், ஒரு உயிர் போகவில்லை. பட்டறை போய்விட்டது. வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மாடியிலிருந்து பார்த்தால் தெருமுனைத் திரை மட்டும் தண்ணீருக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் ஈரத்துணியோடு கைப்பிடிச் சுவரோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே செய்தி, கீழே அமைச்சர்.

"ஏண்டி" என்றாள் அம்மா. "நாங்க தண்ணிக்கு நடுவுல நிக்கறது இந்தாளுக்காகத்தானா?"

மாதங்கி திரையை நிமிர்ந்து பார்த்தாள். கோமகன் மறுபடியும் கும்பிட்டார்.

"நான் சொல்லக் கூடாதும்மா. அவரே சொல்றாரு பாரு."

அம்மா போனை வைக்கவில்லை. பின்னால் மாடி முழுவதும் ஒரு முணுமுணுப்பு பரவுவது கேட்டது. ஆறிய செய்திகளைக் கேட்டு உச்சுக்கொட்டிப் பழகிய ஜனங்கள். அது உச்சுக்கொட்டும் சத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பேட்டை, காயாத துணியோடு வரிசையில் நின்றது. எண்ணிக்கை திங்களன்று முடிந்தது. தேர்தல் முடிவு அரசியல் செய்தி, அதை ஆறப்போட்டார்கள். எண்ணியவர்கள் வீட்டில் சொன்னார்கள், வீட்டிலிருந்து சந்தைக்குப் போனது. முத்திரை இல்லாத பேச்சை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் நம்பினார்கள். ஓட்டுப் போட்டது அவர்கள்தானே. கோமகன் மட்டும், சட்டத்தை மதித்து முடிவை அவர் காதில் போடாத பரமுவின் துணையோடு, அமைச்சராகவே ஊர் ஊராகப் போய் ரிப்பன் வெட்டினார். ஜனங்கள் மரியாதையாகக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தார்கள். இந்த முறை ரிப்பனை மதகில் மட்டும் யாரும் கட்டவில்லை.

அவர் தோற்ற செய்தி இருபத்தொரு நாள் நன்றாக ஆறி, முத்திரையோடு வெளிவந்தது. அதை மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான் செய்தியாகக் கேட்டார்.