பழம்பகைக்குச் சான்று வேண்டாம்

காரண அவையில் காலை பத்து மணிக்கு முதலில் பகோடா வரும்; படுகொலை அதற்குப் பிறகுதான். வெறும் வயிற்றில் பேராசிரியர்களுக்குச் சிந்தனை ஓடாதாம். பதிவாளர் தில்லைநாயகி பதினோரு வருடமாகத் தட்டுகளை வைக்கச் சொல்லிவிட்டுச் சுவர்த்திரையை இயக்கி வருகிறாள்.

அன்று திரையில் வெண்ணிலம் என்ற மலையடி ஊர் வந்தது. கடல் விழுங்கிய கரையிலிருந்து பன்னிரண்டு வருடம் முன்பு வந்து குடியேறிய அலையார் பாதி, முன்பே இருந்த மேட்டார் பாதி. அலையார் வீடுகள் ஒன்பது எரிந்திருந்தன. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அலையாரான தில்லைநாயகியின் தம்பி எழிலன், மேட்டார் பெண் கோமதியைக் கட்டிக்கொண்டு, மகள் யாழினியோடு அங்கேதான் இருந்தான்.

அமைதிப் படை வானூர்திகளோடு தயாராக நின்றது. ஆனால் காரணம் உறுதியாகாமல் ஒரு சிப்பாய்கூட நகரக் கூடாது என்பது விதி. தவறான காரணத்துக்குப் படை அனுப்பிச் சூடுபட்ட உலகம் அது. தலைவர் சூழ்ச்சி என்றால் தலைவர்களைக் கைது செய்வார்கள். அச்சச் சுழல் என்றால் இரு தரப்பிலும் ஆயுதங்களைப் பறிப்பார்கள். பழம்பகை என்றால் நடுவே சுவர் எழுப்பி ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடுவார்கள். நோய் தெரிந்த பிறகுதான் மருந்து. அதுவரை உயிரோடு இருப்பது நோயாளியின் பாடு.

கலவர ஊரிலிருந்து வரும் அழைப்பெல்லாம் சான்று என்பதால் ஒலிபெருக்கியில்தான் கேட்கும். எழிலன் குரல் அவை முழுக்க ஒலித்தது.

"அக்கா, பக்கத்து வீட்டு மாசிலா நம்ம கதவுல மஞ்சள் வட்டம் போட்டுட்டான், அடுத்துக் கொளுத்துற வீடுன்னு அடையாளம். நேத்துதான் கோமதிகிட்ட குழம்பு வாங்கிட்டுப் போனான். ஏன்டான்னு கேட்டா, போடலேன்னா என் வீட்டையும் கொளுத்துவாங்கன்னு அழறான். இருட்டுறதுக்குள்ள யாரையாச்சும் அனுப்புக்கா."

"பார்த்தீங்களா, பயம்! அச்சச் சுழலுக்கு இதைவிட என்ன வேணும்?" என்றார் பேராசிரியை வேதவல்லி. அவர் முகத்தில் பிள்ளை தேர்வில் தேறிய சந்தோஷம்.

"பயமுறுத்துனவன் யாருங்க? பின்னாடி ஒரு தலைவன் இருக்கான்," என்று பகோடாவை மென்றபடியே மறுத்தார் ஞானப்பிரகாசம். "அம்மா, அதை இன்னொரு தடவை போடுங்க."

"சார், அது என் தம்பி."

"அப்படியா? ரொம்ப வசதியாப் போச்சு. வட்டம் எத்தனை மணிக்குப் போட்டான்னு கேட்டுச் சொல்லுங்க."

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருந்தது. அதுதான் அவள் வயிற்றெரிச்சல். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடியாவது ஆடிவிட்டுத்தான் கூலி வாங்குவான். இவர்கள் மூன்று மணி வரை சான்று போதவில்லை என்று ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டே இருந்தார்கள். திரையில் மேலும் நான்கு வீடுகள் எரிந்தன.

மூலையில் பழம்பகை இருக்கைக்காரர் விருத்தாசலம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மற்ற காரணங்களுக்குச் சான்று இணைக்க வேண்டும். பழம்பகைக்கு வேண்டாம், பழசு என்றால் போதும். விவாதம் முடிந்த பின் ஒரு பேராசிரியரின் கைரேகையும் பதிவாளரின் முத்திரையும் பதிந்தால் படை கிளம்பிவிடும். விவாதம் எங்கே முடிய? தில்லைநாயகி கைப்பலகையில் காரணம் பழம்பகை என்று எழுதி எடுத்துப்போய் அவரை உலுக்கினாள். தன் கொள்கையின் பெயரைக் கண்டதும் எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் ரேகை வைத்தார் மனிதர். விவாதம் முடிந்தது என்று குறித்து அவள் முத்திரையைப் பதித்தாள்.

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் ஏது பழம்பகை? பொய்தான். ஆனால் படை இருட்டுவதற்குள் இறங்கியது. எழிலன் பிழைத்தான். மறுநாள் சுவர் எழுந்தது. அலையார் கிழக்கே, மேட்டார் மேற்கே. பிள்ளைகள் தகப்பன் பக்கம் என்பது விதிமுறை. கோமதியை மேற்கே ஏற்றிப்போனார்கள்.

அவளைத் திரும்பக் கூட்டிவர மூன்று வருடம் மனுப் போட்டாள் தில்லைநாயகி. பழம்பகை ஊரில் கலப்பு ஆபத்து என்று அவையே மறுத்தது. இதற்குள் சுவர் மேல் இரு பக்கமிருந்தும் கல் பறந்தது. பிறகு குண்டு பறந்தது. விருத்தாசலம் அதைத் தன் கொள்கைக்கு நிரூபணம் என்று கட்டுரை எழுதி விருதும் வாங்கினார்.

விருது விழாவன்று யாழினி அழைத்தாள். வயது ஆறு.

"அத்தை, பள்ளிக்கூடத்துல எழுதிட்டு வரச் சொன்னாங்க. நாமளும் மேட்டாரும் எத்தனை நூறு வருஷமா எதிரி?"

"யாழினி, உங்கம்மா மேட்டார்டி."

"பொய் சொல்லாதீங்க அத்தை," என்றாள் குழந்தை. "எங்கம்மாவை மேட்டாருங்க கொன்னுட்டாங்கன்னு அப்பா சொன்னாரே."