E எழுத்துக் காசு

வெள்ளிக்கிழமை இடைவேளை வந்தால் நான்காம் வகுப்பின் ஜன்னலோரம் கூட்டம் அலைமோதும். அன்றுதான் காசு மாற்றிக்கொள்ளும் நாள்.

ஹாம்பர்க் பிள்ளைகளுக்குக் காசின் மதிப்பெல்லாம் அப்புறம்தான். அதில் ஒளிந்திருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் தேடுவார்கள். காசை அடித்த ஊரைச் சொல்லும் எழுத்து அது. A என்றால் பெர்லின். D மியூனிக், F ஸ்டுட்கார்ட், G கார்ல்ஸ்ரூ. J அவர்களுடைய சொந்த ஹாம்பர்க்.

பூதக்கண்ணாடி வீப்கேயிடம் இருந்தது. அதனால் தீர்ப்பு சொல்பவளும் அவள்தான்.

"இதையும் பாரேன்," என்று ஒரு செம்புக் காசை நீட்டினான் ஃபால்க். சாக்சனி பக்கத்திலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த பையன். இன்னும் யாரோடும் ஒட்டவில்லை.

பழைய காலத்து ஒரு ஃபென்னிக் காசு, அன்றைய சில்லறையிலேயே மிகச் சிறியது. 1911 என்று இருந்தது. கழுகுப் படத்தின் கீழே ஓர் எழுத்து.

"E," என்றாள் வீப்கே.

"E-யா? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதே," என்று சிரித்தான் ஃபியேட்டே. "போலிக் காசுடா இது. போலி கொண்டுவந்தா கூட்டத்துல இடமில்ல. அதானே சட்டம்? நீயே சொல்லு, வீப்கே."

வீப்கே மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். A, D, F, G, J. "ஆமா, E கிடையாது," என்றாள்.

ஃபால்க் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவன் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தான். வீப்கேவுக்கு என்னவோ போலிருந்தது.

மாலையில் அவள் தன் காசுகளைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினாள்.

"அப்பா, A-க்கு அப்புறம் B தானே வரணும்? ஏன் நேரா D-க்குப் போயிட்டாங்க?"

படகுத்துறையில் வேலை செய்யும் அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினார். "அட, ஆமால்ல? இத்தனை வருஷமா பையில போட்டுக்கிட்டுத் திரியறேன், கேக்கணும்னு தோணவே இல்லையேம்மா."

வகுப்புக்கு வெளியே கோட்டு மாட்டும் கொக்கிகள் அவள் நினைவுக்கு வந்தன. ஆளுக்கொரு கொக்கி, ஆளுக்கொரு மிருகப் படம். டென்மார்க்குக்குக் குடிபோன மெட்டேயின் முள்ளெலிக் கொக்கி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்காக மற்றவர்கள் யாரும் ஒரு கொக்கி தள்ளி மாட்டுவதில்லை.

அப்படியானால் காணாமல்போன எழுத்துகளும் ஒருகாலத்தில் யாருக்கோ சொந்தமாக இருந்திருக்க வேண்டும். ஃபால்க்கின் E-யும் அப்படித்தானோ?

மறுநாள் சனிக்கிழமை. அவள் ஃபால்க் வீட்டு அழைப்புமணியை அழுத்தினாள்.

"நான் சரியா யோசிக்காம சொல்லிட்டேன். பழைய பொருள் சந்தைக்கு வர்றியா? தேடிப் பாப்போம்."

அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவந்தான்.

சந்தையில் ஒரு மேசையடியில் பெட்டி நிறையப் பழைய செம்புக் காசு கிடந்தது. "கிளறுங்க, ஆனா கீழ கொட்டிடாதீங்க. பொறுக்க என்னால குனிய முடியாது," என்றார் கடைக்கார அம்மா.

இரண்டு பேரும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தார்கள். A. இன்னொரு A. அப்புறம் ஒரு D.

"E!" என்று கத்தினான் ஃபால்க். 1889 காசு. பிறகு 1898-இல் ஒன்று. 1906-இல் ஒன்று.

"இருக்கறதுலயே சின்னக் காசு இது. இதைப் போலியா அடிச்சு எவன் பணக்காரனாவான்?" என்றாள் வீப்கே. "அதுவும் இத்தனை வருஷமா?"

ஃபால்க் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எங்க ஊர்ப் பக்கம் ஆத்தங்கரையில ஒரு நாணயச்சாலை இருந்துச்சாம். எப்பவோ மூடிட்டாங்க. அங்க அடிச்ச காசுதான் இது. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."

அடுத்து ஒரு B கிடைத்தது. பெட்டியின் அடியில் ஒரு C.

வீப்கே அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கும் முன்னால் ஏதோ ஓர் ஊரில் சூடாக விழுந்த காசு. அந்த ஊரின் இயந்திரம் என்றோ நின்றுவிட்டது. ஆனாலும் அதன் எழுத்து இன்று வேறு எந்த ஊரிடமும் இல்லை. இத்தனை நாளும் இந்த வியப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே நடந்திருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

திங்கட்கிழமை ஜன்னலோரத்தில் அவள் காசுகளை வரிசையாக வைத்தாள். A, B, C, D. பிறகு E-க்கு மட்டும் இடம் விட்டு F, G வைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி J.

"நான் சொன்னது தப்பு. E இருக்கு," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஃபால்க், உன்னோடதை வை."

ஃபியேட்டே பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தான். காது சிவந்துபோயிற்று. "G-க்கும் J-க்கும் நடுவுல ஏன் இவ்வளவு இடம்?" என்றான் கடைசியில்.

"அங்கயும் ஏதோ ஒரு ஊர் இருந்திருக்கணும்," என்றான் ஃபால்க். "இன்னும் கிடைக்கல."

ஃபியேட்டே ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து, தன் பக்கத்தில் அவனுக்கு இடம் கொடுத்தான். "அப்போ உக்காரு. எங்க தேடறதுன்னு நீயே சொல்லு."