இடக்கை வெட்டு

கத்தித் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த பாழடைந்த வீட்டுத் தோட்டத்தில் முதலாளி வந்து இறங்கியபோது உச்சி வெயில். காலில் பளபளக்கும் பூட்ஸ், தலையில் வட்டத் தொப்பி, விளம்பரப் படமெடுக்க ஓர் ஆள். ஒரு செடியைக்கூடக் கிள்ளி அறியாத மனிதர், காட்டையே வளைத்துப் பிடித்துவிட்ட தோரணையில் நின்றார்.

கடைக்குப் போகுமுன் கத்திகளை வெட்டிப் பார்க்கும் சோதனைக்காரி, புதர்வெட்டும் கத்தியை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். கைப்பிடி ஆடியது. போன மழைக்காலத்தில் இதே தோட்டத்தில், இதே ரகக் கத்தியின் அலகு பிடியிலிருந்து கழன்று அவள் தம்பியின் கழுத்தில் பாய்ந்து உயிரைக் குடித்தது. அவனும் சோதனைக்காரன்தான். "இடக்கையால பிடிச்சான், அவன் தப்பு" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பிடிக்குப் புது வண்ணம் பூசியதோடு சரி.

"ரெண்டு கிளைய வெட்டிட்டு, நல்லா இருக்குன்னு சொல்லும்மா. நாளைக்குக் கடைக்குப் போகணும்."

"பிடி ஆடுது சார்."

"குடும்பத்துக்கே கை சரியில்லையா?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கிளையை வெட்டினாள்.

புதருக்குள் இன்னொரு வெட்டு கேட்டது.

"எதிரொலி" என்றார் படக்காரர். அவள் கையை இறக்கிவிட்டாள்.

வெட்டு நிற்கவில்லை.

பச்சைத் தழை வாசத்தோடு துரு வாடை வந்தது. கிளைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வெட்டுவாய் எல்லாமே அவள் வெட்டியதற்கு எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது.

இடக்கைக்காரன் வெட்டு.

"படம் ஓடட்டும். எப்படிப் பிடிக்கணும்னு நான் காட்டுறேன்." முதலாளி கத்தியைப் பிடுங்கினார். பிடுங்கியது வலக்கை.

கத்தி இடக்கைக்கு மாறியது.

"நான் மாத்தல" என்று முனகினார். கை தானாக உயர்ந்தது, வீசியது, மறுபடி உயர்ந்தது. ஒவ்வொரு வீச்சிலும் பிடி கடகடத்தது.

"விடச் சொல்லும்மா. நீ சொன்னாக் கேப்பான்."

"யாரு சார் கேப்பான்?"

"உன் தம்பி..."

"தப்பு யாரோடதுன்னு சொல்லுங்க. படம் ஓடுது."

"பிடிதான். ஆடுதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அலகு கழன்றது. அவர் காதோரமாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ப் புதரில் விழுந்தது. முதலாளி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் புதரைப் பார்த்து மெல்லச் சொன்னாள். "போதும்டா. சொல்லிட்டாரு. போயிடு."

சத்தம் அடங்கியது. ஓர் இலைகூட அசையவில்லை.

பிறகு மீண்டும் தொடங்கியது. இந்த முறை புதரிலிருந்து அல்ல. கடைகளுக்கு அனுப்பக் கத்திகளைக் கட்டி அடுக்கியிருந்த கிடங்கிலிருந்து. பூட்டிய கதவின் உட்புறத்தில், எண்ணி மாளாத வெட்டுகள், ஒரே நேரத்தில்.